விளக்கு போன வழி

"ஊரே அழுதுச்சு அம்மா," என்றார் கோமதிநாயகம். "ஒருத்தர் பாக்கியில்லாம அழுதாங்க. ஆனா ஒண்ணும் நடக்கலை."

வெயிலம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நல்லா அழுதாங்களா அண்ணாச்சி?"

"நல்லாத்தான் அழுதாங்க."

"கண்ணை எதுல துடைச்சாங்க?"

இது என்ன கேள்வி என்று அவருக்குப் புரியவில்லை. இருந்தாலும் யோசித்துச் சொன்னார். "முந்தானையில. துண்டுல."

"அது காஞ்சுதா?"

"காஞ்சிருக்கும்."

"காஞ்சதும்?"

"வீட்டுக்குப் போயிட்டாங்க."

வெயிலம்மை அடுத்த தண்டை எடுத்தாள்.

இந்தக் கதையில் சிஷ்யருக்குத்தான் தலை நரைத்திருக்கிறது. குருவுக்கு இன்னும் நரைக்கவில்லை. அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை அம்மா என்பார். புதிதாக மடத்துக்கு வருகிறவர்கள் அவர் காலில் விழப் போய், பிறகு சுதாரித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்புவார்கள். அவர்கள் இருவருக்கும் அதில் ஒரு குழப்பமும் இல்லை.

கோமதிநாயகம் பேசுகிறார் என்றால் ஒரு காலத்தில் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். சிரி என்றால் கூட்டம் சிரிக்கும், அழு என்றால் அழும். கைதட்டல் அலுத்துப்போய்த்தான் மடத்துக்கு வந்தார். ஆனால் நாக்கைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வர முடியவில்லை.

"நெட்டேந்தல்காரங்க ஆடிப்பெருக்கு முடிஞ்ச மறுநாள் ஊரைக் காலி பண்ணுதாங்க அம்மா. செங்கச் சூளைக்கு. பிள்ளை குட்டியோட."

"தெரியும்."

"நான்தான் பெருக்கு வரைக்கும் பொறுங்கன்னு கேட்டு வச்சிருக்கேன். தலைமடையூர்க்காரங்க மனசை மாத்திக் காட்டுதேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

ஆற்றிலிருந்து பிரியும் நங்கைக்கால் வாய்க்காலின் முதல் ஊர் தலைமடையூர். கடைசி ஊர் நெட்டேந்தல். தலைமடையூரில் வாழையும் வெற்றிலையும் நெல்லும். நெட்டேந்தலில் வெடித்த மண். இரண்டு ஊருக்கும் ஒரே வாய்க்கால்தான் என்பதைக் குழந்தைகூடச் சொல்லும்.

"நீங்க பேசினதுக்குத் தலைமடையூர்ல என்ன சொன்னாங்க?" என்றாள் வெயிலம்மை.

"பழைய சேலை குடுத்தாங்க. மணியக்காரர் பூதலிங்கம், வருஷம் ஒரு நாள் ஏழைபாழைக்கு ஊத்துற கஞ்சியை ரெண்டு நாளாக்குதேன்னார். நல்ல மனுஷன்தான். ஆனா தண்ணியைப் பத்தி வாயெடுத்தா, 'எங்க ஊரைத் தாண்டி ஓடுறது உங்க கண்ணுக்குத் தெரியலையா'ங்காரு. 'தண்ணி போகுது, அவனுகதான் சோம்பேறி, உழ மாட்டானுக, விதைக்க மாட்டானுக'ங்காரு. அதைச் சொல்லும்போதும் கண்ணு கலங்கித்தான் இருக்கு."

"பொய் சொல்லுதாரா?"

கோமதிநாயகம் தலையை ஆட்டினார்.

"இல்ல அம்மா. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. ஊரே அதை நெசமா நம்புது."

வெயிலம்மை முதல் முறையாக நிமிர்ந்தாள்.

"பெருக்கு அன்னிக்கு உங்க பேச்சு உண்டா?"

"படித்துறையில. வருஷா வருஷம் நான்தான். இந்தத் தடவை இன்னும் உருக்கமா..."

"வேண்டாம்."

"அம்மா?"

"நான் சொல்லுற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இப்ப இருந்தே."

அவர் ஏன் என்று கேட்க வாயைத் திறந்தார். மூடினார். கையை விரித்துக் கேட்டார்.

வெயிலம்மை மீதிக் கீரைக்கட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

*

பெருக்கு அன்று விடிந்ததும் ஆற்று மதகைத் திறந்து வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள். தலைமடையூர்ப் படித்துறையில் பெண்கள் இறங்குவார்கள். வாழை மட்டையை ஈர்க்குச்சியால் தைத்த சின்னத் தெப்பம். அதன்மேல் ஓர் அகல், கொஞ்சம் செவ்வந்தி, காதோலை, கருகமணி. மனசில் இருப்பதைச் சொல்லித் தண்ணீரில் விட்டுவிட்டு விறுவிறுவென்று படியேறிவிட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கேட்டது கிடைக்காது என்பது அந்த ஊர்ப் பேச்சு.

அதனால் யாரும் பார்த்ததில்லை. இத்தனை விளக்கும் எங்கே போகிறது என்று கேட்டால், அம்மன் மடிக்கு என்பார்கள். அந்த மடி எங்கே இருக்கிறது என்று கேட்டால் உங்களைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

முதல் விளக்கு மணியக்காரர் வீட்டு விளக்கு. அவர் மனைவி உலகம்மை விடுவாள். மூக்கு நீண்ட அகல், அவர்கள் வீட்டுக்கென்று குயவர் தனியாகச் செய்து தருவது. அவள் உதடு அசைவதைப் பார்த்தாலே என்ன கேட்கிறாள் என்று ஊருக்குத் தெரியும். மகள் பொன்னுத்தாய்க்கு வயிற்றில் எதுவும் தங்கவில்லை. இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறாள்.

உலகம்மை விளக்கை விட்டாள். படியேறினாள்.

மேலே கோமதிநாயகம் நின்றிருந்தார். கூட்டம் அவர் வாயைப் பார்த்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தொண்டை கட்டிட்டு போல," என்றார் ஒருவர்.

"மிளகு போட்டா சரியாயிரும்," என்றார் இன்னொருவர்.

அப்போதுதான் வெயிலம்மை படியில் இறங்கினாள்.

"உலகம்மை அக்கா," என்றாள். "போன வருஷம் விட்ட விளக்கு போய்ச் சேந்துதா?"

"சேந்திருக்கும் அம்மா."

"யாரு பாத்தா?"

உலகம்மை போன வருஷமும் மகளுக்காகத்தான் விட்டாள். அதற்கு முந்தின வருஷமும் அதற்காகத்தான்.

"நான் போய்ப் பாத்துட்டு வாரேன்," என்று வெயிலம்மை வாய்க்காலில் இறங்கினாள். தண்ணீர் முழங்கால் அளவு. விளக்குகளுக்குப் பின்னால் தன் பாட்டுக்கு நடக்க ஆரம்பித்தாள்.

பூதலிங்கம் கரையிலிருந்து பதறினார். "அம்மா, வேண்டாம். திரும்பிப் பாக்கக் கூடாது. ஊர் வழக்கம்."

"நான் எங்க திரும்பினேன் மணியக்காரரே? முன்னாலதானே போறேன்."

கோமதிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டினார். அவரும் இறங்கினார்.

உலகம்மை நடுப்படியில் நின்றாள். ஏற முடியவில்லை, இறங்கவும் பயம். கடைசியில் சேலையைச் சொருகிக்கொண்டு கரையோரமாக நடந்தாள்.

மணியக்காரர் வீட்டம்மாவே போகும்போது மற்றவர்கள் நிற்பார்களா? ஒவ்வொருத்திக்கும் தன் விளக்கைப் பற்றிய கவலை வந்துவிட்டது. யாரும் நெட்டேந்தலை நினைத்துக் கிளம்பவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். தான் அனுப்பியது போய்ச் சேருகிறதா என்று பார்க்கத்தான் கிளம்பினார்கள். பெண்கள் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆண்களும் வந்தார்கள்.

*

முதலில் திருவிழாப் போலத்தான் இருந்தது. என் விளக்கு முந்துது, உன் விளக்கு அணைஞ்சுட்டுது என்று பேச்சும் சிரிப்பும்.

ஊர் எல்லையில், வாழைத்தோப்பு ஓரத்தில், விளக்குகள் தயங்கின. ஒரு வட்டம் போட்டன. பிறகு ஒவ்வொன்றாக இடது பக்கம் திரும்பின.

அங்கே மதகு கிடையாது. கரையில் ஒரு வெட்டு இருந்தது. அதன்மேல் கோரை அடர்ந்து மூடியிருந்தது. விளக்குகள் கோரையை விலக்கிக்கொண்டு உள்ளே போயின.

"இது யார் தோப்பு?" என்றாள் வெயிலம்மை.

எல்லோருக்கும் தெரியும்.

உலகம்மை கோரையைப் பிடித்து நகர்த்திவிட்டு உள்ளே போனாள். வெட்டில் நுழைந்த தண்ணீர் தோப்பு மூலையில் சுழன்று அடங்கும் இடத்தில் ஒரு குவியல் கிடந்தது. மட்டையும் பூவும் மக்கிப்போயிருந்தன. மக்காதது மட்டும் மிச்சம். கருகமணிகள், அகல்கள், சேற்றில் பாதி புதைந்து, மேலும் கீழுமாக, எத்தனையோ வருஷத்து விளக்குகள்.

அவள் குனிந்து ஒன்றை எடுத்தாள். மூக்கு நீண்ட அகல். இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அவர்கள் வீட்டுடையதுதான்.

"இங்கனயேதான் கிடந்துருக்கு," என்றாள். "நம்ம தோப்புலயே கிடந்துருக்கு."

பூதலிங்கத்துக்கு முகம் வேர்த்தது. "எங்கய்யா காலத்துல வெட்டினது. ஒரு கை அகலம். இதுல என்ன பெருசா போயிரப் போகுது? நான் மட்டுமா வெட்டியிருக்கேன்?"

அவர் சொன்னது உண்மை. அவர் மட்டும் வெட்டவில்லை. கூட்டத்தில் பல பேர் தரையைப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் தன் வெட்டு ஒன்றுதான் தெரியும். ஒரு கை அகலம்தானே என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள்.

கோமதிநாயகத்துக்கு நாக்கின் நுனியில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. அருமையான வாக்கியம். அதை இப்போது சொன்னால் கூட்டம் அப்படியே உருகிவிடும். அவர் வெயிலம்மையைப் பார்த்தார். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாக்கியத்தை விழுங்கினார். அது என்ன வாக்கியம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"அடைங்க," என்றாள் உலகம்மை.

"ஏட்டி..."

"விளக்கு போற வரைக்குமாவது அடைங்க. பொறவு தொறந்துக்கிடுங்க. என் மக விளக்கு இங்கன கிடக்கக் கூடாது."

பொறவு தொறந்துக்கிடலாம் என்றதும் பூதலிங்கத்துக்கு மூச்சு வந்தது. மண்வெட்டி வந்தது. வெட்டை அடைத்தார்கள். பெண்கள் விளக்குகளை அள்ளி, திரும்ப வாய்க்காலில் விட்டார்கள். அணைந்ததை ஏற்றினார்கள். மண்வெட்டியைக் கரையிலேயே சாத்திவிட்டு ஊர் நடந்தது.

அடுத்த வெட்டு வெற்றிலைக் கொடிக்கால் ஓரத்தில். அதற்கு அடுத்தது ஒரு வயல் மூலையில். இரண்டையும் கையாலேயே மண் அள்ளி அடைத்தார்கள். அதன்பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. ஆண்கள் ஒவ்வொருவராகக் கூட்டத்தைவிட்டு நழுவி முன்னால் ஓடினார்கள். விளக்கு வந்து உள்ளே திரும்புவதற்குள், ஊர் பார்ப்பதற்குள், தன் வெட்டைத் தானே அடைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்களைப் போலக் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். கால் முழுக்கச் சேறு.

தண்ணீர் கனத்தது. விளக்குகள் வேகம் பிடித்தன.

*

வெயில் உச்சிக்கு வந்தபோது தலைமடையூர் வயல்கள் முடிந்தன. அதற்கு அப்பால் அவர்களில் யாரும் வந்ததில்லை. வர வேண்டிய வேலை என்ன இருந்தது?

வாய்க்கால் அங்கே காய்ந்து கிடந்தது. அடிமண் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

தண்ணீர் அந்த இடத்தில் மெதுவானது. அவர்கள் எல்லோரும் தண்ணீரோடு வாழ்ந்தவர்கள். ஆனால் தண்ணீர் முதல்முதலாக ஒரு மண்ணுக்குள் போவதை யாரும் பார்த்ததில்லை. முன்னால் கொஞ்சம் நுரை, காய்ந்த சருகு, ஓடுகிற எறும்புகள். அதற்குப் பின்னால் தண்ணீரின் நுனி. ஒரு வெடிப்பில் இறங்கும், அது நிறையும் வரை நிற்கும், நிறைந்ததும் அடுத்த வெடிப்புக்குப் போகும். மண்ணிலிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது.

விளக்குகள் நுனியிலேயே காத்து நின்றன. ஊரும் நின்றது. பேச்சு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. சிலர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஏன் கழற்றினாய் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

கோமதிநாயகம் எத்தனையோ மேடையில் கூட்டத்தை அமைதியாக்கியிருக்கிறார். இப்படி ஓர் அமைதியை அவர் கேட்டதில்லை.

"இந்தாங்க, இதைப் பாருங்க," என்றார் கூட்டத்தில் ஒரு விவசாயி.

இரண்டு பக்கமும் நெட்டேந்தல் வயல்கள். பச்சை ஒன்றுமில்லை. ஆனால் உழுதிருந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் உழுதிருந்தது. வரப்பு செதுக்கியிருந்தது.

பூதலிங்கம் வயலில் இறங்கினார். ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கினார். உழவுச் சாலில் கால் வைத்து ஆழம் பார்த்தார்.

"எப்ப உழுததா இருக்கும்?" என்று கேட்டார் விவசாயி.

"இந்த ஆடியிலதான்."

"ஊரைவிட்டுப் போகப் போறவன் எதுக்கு உழணும்?"

பூதலிங்கம் மண்ணைக் கையிலேயே வைத்திருந்தார்.

"நல்லா உழுதிருக்கான்," என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

*

பொழுது சாயும்போது நெட்டேந்தல் தெரிந்தது.

ஊருக்கு வெளியே மூட்டை ஏற்றிய வண்டிகள் நின்றன. பாய், சட்டி, உரல், கட்டிப்போட்ட கோழிகள். மாடு மட்டும் பூட்டவில்லை.

ஆட்கள் வண்டிப் பக்கம் இல்லை. வாய்க்காலில் இருந்தார்கள். ஊர் மொத்தமும், குளித்து, துவைத்த துணி உடுத்தி, காய்ந்த வாய்க்காலின் இரண்டு கரையிலும் வரிசையாக நின்றது. பெண்கள் கையில் வெறும் தாம்பாளம். ஒரு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் கண்ணை மூடி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

உஸ்ஸென்ற சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தார்கள்.

யாரும் கத்தவில்லை. ஒரு கிழவர் மட்டும், அவர் பெயர் கொம்பையா, மெதுவாக உட்கார்ந்து, தண்ணீர் வந்து தொடும் வரை உள்ளங்கையை மண்ணில் வைத்திருந்தார்.

முதலில் வந்தது மூக்கு நீண்ட அகல். எப்போதோ அணைந்திருந்தது. பேராச்சி என்ற ஒருத்தி வாய்க்காலில் இறங்கி அதை இரண்டு கையாலும் எடுத்தாள். எரிந்த விளக்கிலிருந்து ஏற்றினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னாள்.

"விளக்கு விட்ட வீடு நல்லா இருக்கட்டும். அந்த வீட்டுப் பொண்ணு வயிறு குளிரட்டும். அந்த வீட்டுப் பிள்ளை நீண்டு வாழட்டும்."

உலகம்மை அவள் எதிரே நின்றிருந்தாள்.

"யாருக்கும்மா சொல்லுதே?"

"விளக்கு விட்ட வீட்டுக்குத் தாயி."

"எந்த வீடுன்னு தெரியுமா?"

"தெரியாது. மேல எங்கயோ."

"இங்க விளக்கு வந்து எத்தனை வருஷமாச்சு?"

"நான் வாக்கப்பட்டு வந்த பொறவு வந்ததே இல்ல. எங்க அத்தை காலத்துல வருமாம். வந்த விளக்கை ஏத்தி, விட்டவங்களுக்காகக் கேக்கணும். அது எங்க ஊர் முறை."

"அப்ப இத்தனை வருஷமா?"

"வெறும் வாய்க்கால்ல நின்னு கேட்டுட்டுப் போவோம்."

"விளக்கே வராம?"

பேராச்சி அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "விளக்கு வரலேன்னா விட்டவங்க இல்லேன்னு ஆயிருமா தாயி?"

உலகம்மை அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் மற்ற விளக்குகள் வந்துகொண்டிருந்தன. நெட்டேந்தல் பெண்கள் ஒவ்வொன்றாக எடுத்து ஏற்றினார்கள். ஒவ்வொரு விளக்குக்கும் அதே வார்த்தைகள். தலைமடையூர்ப் பெண்கள் கரையில் நின்று, முன்பின் தெரியாத ஒருத்தி தன் வீட்டுக்காகக் கேட்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் முந்தானையை எடுக்கவில்லை. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

கொம்பையா எழுந்தார்.

"வெயில்ல நடந்து வந்திருக்கீய. உக்காருங்க," என்றார். பிறகு வண்டிப் பக்கம் திரும்பி, "ஏல, அந்த மூட்டையை அவுருங்க," என்றார்.

வழிச்செலவுக்குக் கட்டிய கம்பு அது. சூளை போய்ச் சேரும் வரை அதுதான் சாப்பாடு. அவிழ்த்தார்கள். கல் கூட்டி அடுப்புப் பற்ற வைத்தார்கள். வந்த ஊர் மொத்தத்துக்கும் பனையோலைப் பட்டையில் கஞ்சி வந்தது.

பூதலிங்கத்தின் கைக்குக் கஞ்சி ஊற்றித்தான் பழக்கம். வாங்க எப்படி ஏந்துவது என்று தெரியாமல் தடுமாறியது. பேராச்சி அவர் விரலைப் பிடித்துப் பட்டையைச் சரியாக வைத்துவிட்டு ஊற்றினாள்.

குடித்து முடித்ததும் அவர் தொண்டையைச் செருமினார்.

"இனி எதுக்கு ஊரைவிட்டுப் போகணும்? தண்ணிதான் வந்துட்டுதே."

"வந்துட்டு அய்யா," என்றார் கொம்பையா. "இன்னிக்கு விளக்கோட வந்திருக்கு. நாளைக்கு விளக்கு வராதே."

பூதலிங்கம் கோமதிநாயகத்தைப் பார்த்தார். தலைமடையூரும் பார்த்தது. நெட்டேந்தலும் பார்த்தது. பெருக்கு வரைக்கும் பொறுங்கள் என்று வாக்குக் கொடுத்தவர் அவர்தானே?

கோமதிநாயகம் வெயிலம்மையைப் பார்த்தார். அவள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அவள் பேசச் சொல்லியிருந்தாலும் அந்த நேரத்தில் அவரிடம் பேச எதுவும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு அது தெரிந்தது.

"நான் இங்கயே இருக்கேன்," என்றாள் உலகம்மை.

"என்னட்டி சொல்லுதே?" என்றார் பூதலிங்கம்.

"அறுப்பு முடியற வரைக்கும் இந்த ஊர்லதான் இருக்கப் போறேன். தண்ணி நின்னுச்சுன்னா இவங்க வண்டியில நானும் சூளைக்குப் போறேன்."

"தாயி, அது முறையில்ல," என்றார் கொம்பையா.

உலகம்மை பேராச்சியிடம் கேட்டாள். "உன் வீட்ல ஒரு ஓரத்துல எனக்கு இடம் இருக்கா?"

"இருக்கு தாயி. மழை பெஞ்சா ஒழுகும்."

"பெய்யட்டும்."

பேராச்சி வண்டியைப் பார்த்தாள். பிறகு போய்ப் பாயை இறக்கினாள். அதைப் பார்த்து வேறொருத்தி உரலை இறக்கினாள். கட்டிப்போட்ட கோழிகளை யாரோ அவிழ்த்துவிட்டார்கள்.

*

மறுநாள் காலையில் வெயிலம்மையும் கோமதிநாயகமும் திரும்பி நடந்தார்கள். பூதலிங்கம் கூட வந்தார். தலைமடையூர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வந்துகொண்டிருந்தது. உலகம்மை வரவில்லை.

வழி முழுக்கப் பூதலிங்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோமதிநாயகத்துக்குப் பேச வேண்டிய தொல்லையே இல்லை.

வாழைத்தோப்பு வந்தது. நேற்று அடைத்த வெட்டில் மண் இளகியிருந்தது. விரல் கனத்துக்கு ஒரு கசிவு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. வாழைகள் காற்றில் ஆடின. மண்வெட்டி சாத்தியபடியே இருந்தது. பொறவு தொறந்துக்கிடலாம் என்று சொன்ன நேரம் இதுதான்.

பூதலிங்கம் நின்றார்.

தோப்பைப் பார்த்தார். அவருடைய அய்யா நட்ட தோப்பு. பிறகு வந்த வழியைப் பார்த்தார். வாய்க்கால் நேராக, நீளமாக, வெயிலில் மின்னிக்கொண்டு போயிற்று. அதன் மறுமுனையில் அவர் மனைவி இருந்தாள்.

கசிவு கண் எதிரிலேயே பெரிதானது.

அவர் கரையில் இறங்கி அதன்மேல் வலது காலை வைத்தார். தண்ணீர் பக்கவாட்டில் வந்தது. இடது காலையும் வைத்தார். மண் சரிந்தது. மண்வெட்டி கைக்கு எட்டவில்லை. தலைமடையூர் மணியக்காரர் இரண்டு காலையும் ஓட்டைக்குள் கொடுத்துவிட்டு, நகரவும் முடியாமல், யாரைக் கூப்பிடுவது என்றும் தெரியாமல் நின்றார்.

கோமதிநாயகம் துண்டைக் கரையில் எறிந்தார். சேற்றில் மண்டியிட்டு, பூதலிங்கத்தின் கால் இடுக்கில் இரண்டு கையையும் விட்டு அழுத்திப் பிடித்தார்.

"அண்ணாச்சி," என்றாள் வெயிலம்மை. "இனிமே நீங்க பேசலாம்."

அவர் முகத்தில் வழிந்த சேற்றைத் தோளில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் மண்ணு அள்ளித் தாங்க அம்மா," என்றார்.